உலகத் தோற்றம்: கிறித்து சமயமும் பௌதிக விஞ்ஞானமும்

காணப்படும் இவ்வுலகம் எங்ஙனம் உளதாயிற்று என்னும் வினா, அறிவு முதிர்ந்த மக்கள் யாண்டும் எழுப்பியதொன்றாம். அதற்குச் சமயங்கள் ஒருவாறு விடை கூறின. பௌதிக நூல்கள் பிறிதொருவாறு விடை கூறுகின்றன. இவ்விடைகள் தம்முள் மாறுகொள்வனவோ, அன்றி வேறு வேறு வினாக்களுக்கு விடையாய்த் தத்தம் எல்லையில் நிற்பனவோ என்பது ஆராயத்தக்கது. மேலை நாடுகளிலே கிறித்து சமயத்தார்க்கும் விஞ்ஞான நூலார்க்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்துவரும் வாதம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாதலின், அதனை ஈண்டு எடுத்துக்கொண்டாம்.

பரசமய நூலை இழித்தல் நம் கருத்தன்று. விஞ்ஞானம் எழுந்தது, ஆகவே விவிலியம் வீழ்ந்தது எனக் கூறிக் களிப்பார் சிலர். விவிலியம் அன்று கூறியதனையே விஞ்ஞானம் இன்று கூறுகின்றது என மகிழ்வார் வேறு சிலர். இவ்விரு திறத்தாரும் ஒரே வழுவினை இரு முகமாகச் செய்கின்றனர் என்பதே இக்கட்டுரையின் மேற்கோள். அதற்குரிய ஏதுவும் எடுத்துக்காட்டும் முறையே கூறுவாம்.

முதற்கண் கிறித்து சமயத்தார் கூற்று யாதென அறிதல் வேண்டும். விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமம் படைப்பு வரலாற்றினை இரண்டு முறை கூறுகின்றது. முதலாவதில், இறைவன் ஆறு நாட்களில் உலகினைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தனன் எனவும், ஒளி முதல் நாளிலும், ஞாயிறும் திங்களும் விண்மீன்களும் நான்காம் நாளிலும், நிலத்து விலங்குகளும் மக்களும் ஆறாம் நாளிலும் உண்டாயினவெனவும் காணப்படும். இரண்டாவதிலோ மனிதன் மண்ணினால் முன்னர் வனையப்பட, விலங்குகள் பின்னர் வருகின்றன. இந்நூலைச் சொற்கிடந்தவாறே கொள்ளுதலின் அருமையை இக்காலத்தார் மட்டும் கண்டனர் என எண்ணற்க. ஞாயிறு இல்லாமல் முதல் மூன்று நாட்களில் மாலையும் காலையும் எங்ஙனம் கூடும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் என்னும் கிறித்தவ ஆசிரியர் வினவியுள்ளார்.

அவர்க்குப் பின் வந்த அகுஸ்தீனார், ஏறக்குறைய 401 முதல் 415 வரையுள்ள ஆண்டுகளில் ஆதியாகமத்திற்கு விரிவுரை ஒன்று வரைந்தார். ஆறு நாட்கள் என்பன ஞாயிற்றால் அளக்கப்படும் நாட்கள் அல்ல. இறைவன் அனைத்தையும் ஒருங்கே படைத்தனன். பல பொருள்கள் வித்தினுள் மரம் போல ஆற்றல் வடிவில் அடங்கியிருந்து உரிய காலத்தில் வெளிப்பட்டன என்பது அவர் கருத்து. வானையும் மண்ணையும் பற்றிக் காட்சியாலும் கருத்தளவையாலும் பிறர் நன்கறிந்த ஒன்றை, மறையின் பெயரால் மறுத்து அறியாமை பேசுவோன் தன் மறைக்கே இழிவு தேடுகின்றான் எனவும் அவர் எச்சரித்துள்ளார். எனினும், உலகின் அகவை ஆறாயிரம் ஆண்டிற்கு உட்பட்டது என்றே அவரும் கருதினார் என்பதை மறைத்தல் நேர்மையன்று. அகவையை அளக்கும் கருவி அக்காலத்தில் எவரிடத்தும் இல்லை.

ஈண்டு மூன்று பொருள்களை வேறு பிரித்து உணர்தல் வேண்டும். ஒன்று மூலபாடம், ஒன்று அப்பாடத்திற்குக் கூறும் உரை, ஒன்று இரண்டினின்றும் திருச்சபை துணிந்துகொண்ட கொள்கை. 1215ஆம் ஆண்டில் உரோம் நகரின் இலாத்தரன் பேரவை துணிந்த கொள்கையாவது, இறைவன் ஒருவனே காலத்தின் தொடக்கத்தில் அனைத்தையும் இன்மையினின்று உண்டாக்கினன் என்பது. அதன்கண் நாட்கணக்கில்லை, ஆண்டுக்கணக்கும் இல்லை. இல்பொருள் உளதாதல் இல்லை எனக் கொள்ளும் சற்காரிய வாதிகளுக்கு அக்கொள்கை உடன்பாடாகாது. அவ்வாதம் தனியே நிகழ்த்தற்பாலது. ஈண்டு வேண்டுவது, கொள்கை இது, அதன்மேல் ஏற்றிய கணக்கு அது எனப் பகுத்துக் காண்டலேயாம்.

இனி அக்கணக்கின் வரலாறு காண்பாம். அயர்லாந்தின் ஆர்மா நகரத்துப் பேராயராகிய ஜேம்ஸ் அஷர், 1650ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உலகப் படைப்பு கி.மு. 4004ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாளுக்கு முந்திய மாலையில் தொடங்கிற்று எனக் கணித்தார். இதனைக் கேட்டு நகுவார் பலர். எனினும் அவர் பேதையல்லர். விவிலியத்திலுள்ள வழிமுறை ஆண்டுகளையும், பிற நாட்டு அரசர் ஆட்சியாண்டுகளையும் ஒப்பிட்டு அரும்பாடுபட்டு அதனைச் செய்தார். அவர் கணக்கு பின்னர் ஆங்கில விவிலியப் பதிப்புக்களின் ஓரத்தில் அச்சிடப்பட்டது. ஓரத்தில் நின்ற உரையைப் படிப்போர் மூலம்போலவே போற்றத் தலைப்பட்டனர். பின்னாளில் எழுந்த இடர்களிற் பெரும்பகுதி இவ்வொன்றினின்றே தோன்றிற்று.

ஸ்காட்லாந்தினராகிய ஜேம்ஸ் ஹட்டன் 1788இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பாறை தேய்தலும் மணல் படிதலும் மீண்டும் பாறையாதலுமாகிய தொழில்கள் அளவிடற்கரிய காலம் நிகழ்ந்திருத்தல் வேண்டும் எனக் காட்டினார். இதனை வளர்த்தவர்களிற் பலர் கிறித்தவ குருமாரே. கேம்பிரிட்ஜில் நிலநூல் கற்பித்த ஆடம் செட்ஜ்விக் என்னும் குருவானவர், ஐரோப்பாவெங்கும் காணப்படும் சரளைப் படிவுகள் நோவா காலத்துப் பெருவெள்ளத்தால் நேர்ந்தன என முன்னர்க் கருதியிருந்தார். அது பொருந்தாமை தெளிந்தவுடன், 1831இல் நிலநூற் கழகத்தின் தலைவராய் நின்று அவையறியத் தம் முன்னைக் கொள்கையைக் கைவிட்டார். அதனால் அவர் தம் குருத்துவத்தைத் துறந்தாரல்லர். தம் நூலறிவையும் துறந்தாரல்லர். இத்தகைய செயல் இரு பக்கத்தும் அரிது.

விஞ்ஞான நூலார் வழுவாதவர் எனவும் கருதற்க. வில்லியம் தாம்சன் என்னும் இயற்பெயருடைய கெல்வின் பிரபு, பூமி உருகிய நிலையினின்று குளிர்ந்துவரும் விரைவினைக் கொண்டு, அதன் அகவை 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்குள் அமையும் என 1862இல் கணித்தார். பின்னர் அதனை இன்னும் குறுக்கினார். அவர்தம் பெரும் பெயருக்கு அஞ்சி நிலநூலார் பலர் தம் காட்சியையும் ஐயுற்றனர். அவரிடம் உதவியாளராய் இருந்த ஜான் பெர்ரி, பூமியின் உள்ளே வெப்பம் பரவும் வகையைப் பற்றி ஆசிரியர் கொண்ட எண்ணம் துணியப்படாதது என 1895இல் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டில் பெக்கெரல் கதிரியக்கத்தைக் கண்டனர். யுரேனியம் ஈயமாக மாறும் அளவைக் கொண்டு, விண்கற்களை ஆராய்ந்த கிளேர் பாட்டர்சன் 1956இல் பூமியின் அகவை 455 கோடி ஆண்டு என நிறுவினார். இன்றளவும் அம்முடிபு பெரிதும் வேறுபடவில்லை. ஆகவே விஞ்ஞானத்தின் பெருமை வழுவாமையன்று. வழுவினைத் தானே கண்டு களைதற்கு வழி உடைமையேயாம்.

இனி உயிர்களின் தோற்றத்திற்கு வருவாம். சார்லஸ் டார்வின் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உயிரினங்கள் தனித்தனியே படைக்கப்படாமல், முன்னை இனங்களினின்று சிறு சிறு வேறுபாடுகளாலும் இயற்கைத் தேர்வினாலும் பரிணமித்தன எனக் கூறினார். 1860 ஜூன் 30ஆம் நாளில் ஆக்ஸ்போர்டு நகரில் கூடிய அறிஞர் அவையில் ஆயர் வில்பர்போர்சும் ஹக்ஸ்லியும் இதுபற்றி வாதிட்ட செய்தியைப் பலரும் எடுத்தாள்வர். மறுநாள் அந்நகரிலேயே, அவ்வவைக்கு வந்திருந்தார்க்குப் பிரடெரிக் டெம்பிள் என்னும் குருவானவர் ஆற்றிய உரையை எடுத்தாள்வார் சிலரே. இறைவன் செயலை இயற்கை விதிகட்குப் புறம்பாகிய இடங்களில் தேடுதல் தகாது. அவ்விதிகளிலேயே காணல் வேண்டும் என்பது அவர் உரையின் சாரம். அவரே 1896இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயராயினர். சமயமும் விஞ்ஞானமும் இரு படைகளாய் எதிர்நின்று பொருதன என்னும் வழக்கு எவ்வளவு குறைபாடுடையதென்பது இதனாற் பெறப்படும்.

அமெரிக்க நாட்டு வழக்குமன்ற வரலாறும் இதனையே காட்டும். டென்னசி மாகாணத்தில் மனிதன் கீழ் உயிரினின்று தோன்றினன் எனக் கற்பித்தல் குற்றமெனச் சட்டம் செய்து, 1925இல் டேட்டன் என்னும் ஊரில் ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியருக்கு 100 டாலர் தண்டம் விதித்தனர். மேன்முறையீட்டில் அத்தண்டம் நீக்கப்பட்டதாயினும், சட்டம் 1967 வரை நின்றது. பின்னர் ஆர்க்கன்சா மாகாணத்தில் படைப்புக் கொள்கையை விஞ்ஞானமாகப் பள்ளிகளிற் கற்பிக்க வேண்டுமெனச் சட்டம் எழுந்தபோது, அதனை எதிர்த்து வழக்கிட்டார் யாவர்? மெதடிஸ்டு சபைக் குருவாகிய வில்லியம் மெக்லீன் முன்னின்றனர். கத்தோலிக்க ஆயர் உள்ளிட்ட பல சபைகளின் ஆயர்கள் உடன் நின்றனர். 1982இல் அச்சட்டம் தள்ளப்பட்டது. தம் சமயக் கொள்கை விஞ்ஞானமெனப் பெயர் மாறி மாணவர் முன் வருதலைச் சமயத்தலைவர்களே ஒவ்வாமை நோக்கத்தக்கது.

அதற்குப் பின்னரும், பாக்டீரியாவின் சுழலும் வாலிழை போன்ற நுண்ணுறுப்புக்கள் படிமுறையால் அமைதல் இயலாது. ஆகவே அறிவுடையான் ஒருவன் அமைத்தான் எனத் துணிதல் வேண்டும் என்னும் வாதம் எழுந்தது. 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளி வழக்கில் அது விஞ்ஞானமன்று எனத் தீர்ப்பாயிற்று. அவ்வழக்கில் அவ்வாதத்தை மறுத்துச் சான்று பகர்ந்தவருள் தலைநின்ற உயிர்நூற் பேராசிரியர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். நூலார் இன்னும் அறியாத இடமே இறைவன் இருக்கும் இடம் என்பாரை, 1894இலேயே ஸ்காட்லாந்துப் போதகராகிய ஹென்றி டிரம்மண்டு கடிந்தனர். 1944இல் நாத்சியர் சிறையிலிருந்த ஜெர்மானியக் குரு டீட்ரிச் போன்ஹோஃபரும் இக்கருத்தையே தம் கடிதத்தில் வரைந்தனர். இவ்வாறு கொண்டால், அறிவு வளருந்தோறும் இறைவன் ஓரிடம்விட்டு ஓரிடம் ஒதுங்குவான் போலும் என்னும் இழிவு நேரும். அறியாமையைத் தூணாக நாட்டி எழுப்பிய கோயில், அறியாமை நீங்குமிடத்து நிலைபெறுதல் எங்ஙனம்?

இதுகாறும் விஞ்ஞானம் மாறுபட்ட இடத்தைக் கூறினாம். இனி அது துணையாய் வந்ததுபோலத் தோன்றிய இடத்தைக் கூறுவாம். சோதனை பின்னதிலேயே கடிது.

பெல்ஜிய நாட்டினரான ஜார்ஜ் லெமேத்தர் 1894இல் பிறந்து, முதல் உலகப் போரிற் படைவீரராய்த் தொண்டாற்றி, 1923இல் கத்தோலிக்கக் குருவானவர்; லூவேன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியருமாவர். ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளைக் கொண்டு பேரண்டம் விரிந்துகொண்டிருக்கின்றது என அவர் 1927இல் காட்டினார். 1931இல், விரிவினைப் பின்னோக்கிக் கணிக்குமிடத்து அனைத்தும் ஒரு முதலணுவினுள் ஒடுங்கியிருந்த நிலை பெறப்படும் என எழுதினார். குருவானவர் ஒருவர் உலகிற்குத் தொடக்கம் கூறியதனால், அவர் ஆதியாகமத்தை மாறுவேடத்திற் புகுத்துகின்றார் என ஐயுற்றாரும் உளர். 1948இல் அண்டத்திற்குத் தொடக்கமில்லை என்னும் கொள்கையை வகுத்தாருள் ஒருவராகிய பிரெட் ஹாயில், தொடக்கம் என்னும் கருத்தில் சமய மணம் வீசுகின்றதென அதனை வெறுத்தனர்.

இந்நிலையில் 1951 நவம்பர் 22ஆம் நாளில் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், தம் விஞ்ஞானக் கழகத்தாரிடையே நிகழ்த்திய உரையில், இக்கால வானநூல் இறைவனது முதற் படைப்பிற்குச் சான்று பகர்வதுபோல் அமைந்துள்ளது என மகிழ்ந்து கூறினார். எதிரி கூடச் சான்றாயினான் என்றாற்போல அடியார் பலரும் மகிழ்ந்தனர். மகிழாதவர் லெமேத்தரே. தம் கொள்கை பௌதிகம் பற்றியது. ஆய்வினால் நிற்கவும் வீழவும் உரியது. அதன்மேற் சமயத்தை ஏற்றுதல் இரண்டிற்கும் கேடு என்பது அவர் துணிபு. அடுத்த ஆண்டு வானநூலார் பேரவைக்குப் பாப்பரசர் உரையாற்றிய காலை அக்கூற்றினை மீட்டும் எடுத்தாளவில்லை. தம் கொள்கை சமயப் பொருளினின்று முற்றும் விலகி நிற்பது எனவும், பொருண்முதல்வாதி இறைவனை மறுத்தற்கும் அஃது இடந்தருகின்றது எனவும் 1958இல் லெமேத்தர் வெளிப்படக் கூறினார்.

இங்கே கருதத்தக்கது ஒன்று. தம் சமயத்தலைவரே தம் நூலைப் புகழ்ந்து, தம் சமயத்திற்கு அரணாக்கும் பொழுது, அதனை மறுக்கும் நெஞ்சுரம் எத்துணைப் பெரிது! அவர்க்கு இலாபமான பொய்யன்று அது. இலாபமாய் வந்த பிறழ்ச்சி. பின்னர் 1964இல் பென்சியாசும் வில்சனும் அண்டமெங்கும் பரந்துள்ள மெல்லிய நுண்ணலைக் கதிரொளியைக் கண்டனர். பண்டை வெப்பநிலையின் எச்சமாகிய அது லெமேத்தர் காட்டிய நெறியையே வலியுறுத்திற்று. 1966இல் உயிர் நீத்தற்குச் சிறிது முன்னர் அச்செய்தி அவர் செவிக்கு எட்டியது. அப்பொழுதும் தம் பழைய எச்சரிக்கையை அவர் நீக்கினாரல்லர். இன்று அவ்விரிவின் அகவை ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு என அளந்துள்ளனர். எனினும் அவ்வெப்பநிலைக்கு முன்னர் யாது இருந்தது, முன்னர் என்னும் சொல்லுக்கே ஆங்குப் பொருளுண்டோ என்பன பௌதிக நூலுள் இன்னும் முடியாத வினாக்களே. அன்று அதனை இறைவன் ஆணையென வரையறுத்திருப்பின், நாளை முன்னிலை ஒன்று கண்டறியப்படுமாயின் அவ்வரையறை யாதாம்?

இவ்விரு வகை மயக்கத்திற்கும் காரணம், தோற்றம் என்னும் ஒரு சொல் இரு பொருள் தந்து நிற்பதேயாம். ஒன்று காலத்தில் நிகழும் தொடக்கம். மற்றொன்று ஒரு பொருள் தன் உண்மைக்குப் பிறிதொன்றைச் சார்ந்து நிற்கும் சார்பு. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய தோமா அக்குவினார் இதனைத் தெளியக் கண்டனர். உலகிற்குக் காலத் தொடக்கம் உண்டென்பது மறையினாற் கொள்ளப்படுவதேயன்றிக் கருத்தளவையால் நிறுவப்படுவதன்று. உலகம் தொடக்கமின்றி என்றும் உளதாயினும் இறைவனாற் படைக்கப்பட்டதாகவே கூடும் என்பது அவர் முடிபு. விளக்கும் ஒளியும் இதற்கு உவமை. விளக்கு ஏற்றிய நாழிகையை வினவலாம். அது தொடக்கம் பற்றிய வினா. ஏற்றிய பின்னரும் கணந்தோறும் ஒளி விளக்கினைச் சார்ந்தே நிற்கின்றது. இது சார்பு பற்றிய வினா. என்றும் எரியும் விளக்கு ஒன்று உளதெனக் கொள்ளினும் இரண்டாம் வினா அழியாது.

நம் தருக்க நூல் பயின்றார்க்கு இஃது எளிதின் விளங்கும். குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பர். மண்ணின் இயல்பையும் திரிகையின் சுழற்சியையும் எத்துணை நுணுகி ஆராயினும், அவ்வாராய்ச்சியுள் குயவன் அகப்படான். அகப்படாமையால் அவன் இலன் என்பதும், திரிகையின் விதி ஒன்று விளங்காமையால் அவன் உளன் என்பதும் ஒருபடித்தாகிய போலியே. பௌதிக நூல் முதலும் துணையும் பற்றிய ஆராய்ச்சி. அவ்வெல்லைக்குள் அதற்கு ஒப்பில்லை. இன்மையினின்று படைப்பு எனக் கூறும் கிறித்தவர் முதற்காரணம் ஒன்றை உடன்படாராகலின் உவமை முழுதும் பொருந்தாதெனினும், வினாக்களின் வேறுபாடு காட்டுதற்கு இது போதும்.

அற்றேல், தோல்வியுற்றபின் பாடத்திற்குப் புத்துரை கூறித் தப்புதல் நேர்மையோ எனின், அது தக்க வினாவே. உரை மாறுதல் தானே குற்றமன்று. மாறும் முறையிலே குணமும் குற்றமும் உள. எதிரி நெருக்குந்தோறும் ஓர் அடி பின்வாங்கி, அதனையே தன் பழங்கொள்கை எனச் சாதிப்பவன் நேர்மையிலன். ஒரிகனும் அகுஸ்தீனாரும் எவ்விஞ்ஞானமும் நெருக்காத காலத்திலேயே, பாடத்தின் உள்முரண் நோக்கி உரை கண்டனர். செட்ஜ்விக் தாம் கொண்டதைத் தம் வாயாலேயே தவறென்றனர். இவை நேரிய நெறிகள். அங்ஙனமாயின், எவ்வாராய்ச்சியாலும் மறுக்கப்படாத சமயக் கொள்கை வெறுஞ்சொல்லாய் முடியாதோ எனின், முடியாது, அளவைகள் பலவாகலின். ஒருவன் நன்றி உடையனோ என்பதை நிறைகோலால் அறிதல் கூடாமை பற்றி நன்றி இல்பொருளாகாது.

இத்துணையும் கூறியவாற்றால், எல்லை பிரித்தவுடன் கிறித்து சமயத்திற்கு இடர் யாதும் இல்லையாயிற்று எனக் கொள்ளற்க. நாட்கணக்கும் ஆண்டுக்கணக்கும் எளியன. அரிய இடர் வேறிடத்தே உளது. 1950ஆம் ஆண்டிற் பன்னிரண்டாம் பயஸ் விடுத்த திருமுகம், மனித உடலின் பரிணாமத்தை ஆராய இடந்தந்தது. ஆயினும் மக்கள் அனைவரும் ஆதாம் என்னும் ஒருவன் வழியினர் அல்லர் என்பது பிறவிப்பாவக் கொள்கையோடு எங்ஙனம் இயையுமெனக் காணப்படவில்லை என்றது. 1996இல் இரண்டாம் ஜான் பால் பரிணாமம் வெறும் கருதுகோளளவில் நிற்பதன்று என ஏற்றனர். உயிர் மட்டும் இறைவனால் நேரே படைக்கப்படுவது என வரையறுத்தனர். மரபணு நூலாரோ, மனித இனத்தின் முன்னோர் ஓர் இணையாக அன்றி ஆயிரக்கணக்கினராய் வாழ்ந்த கூட்டம் என்பர். இவற்றை இயைக்கும் பணியில் கிறித்தவ ஆசிரியர்கள் இன்றும் தம்முள் வேறுபட்டே நிற்கின்றனர்.

இதனினும் பெரிது துன்பம் பற்றிய வினா. டார்வினின் மகள் ஆனி 1851இல் பத்து வயதில் நோயுற்று இறந்தாள். 1860இல் அவர், தம் கொள்கையை அமெரிக்காவிற் பரப்பிய கிறித்தவ அறிஞர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், ஒரு வகைக் குளவியின் குஞ்சு உயிருள்ள புழுவின் உடலை உள்ளிருந்தே தின்று வளருமாறு அருளுடைய இறைவன் திட்டமிட்டனன் எனத் தம்மால் நம்ப இயலவில்லை என்றார். அனைத்தும் குருட்டு ஆற்றலின் விளைவெனவும் மனம் அமையவில்லை என்றார். சாவு மனிதன் பாவத்தால் உலகிற் புகுந்தது என்னும் பழைய விடை, மனிதன் தோன்றுதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன்னரே விலங்குகள் ஒன்றையொன்று கொன்று தின்றமையைக் காட்டும் கல்லுருக்கள் முன் நில்லாது. மனிதன் பாவத்தால் விலங்கின் இயல்பு மாறவில்லை. கொன்றுண்பன முன்னரும் கொன்றுண்டன என அக்குவினாரும் உடன்பட்டுள்ளார். ஆயினும் அவ்விடை யார்மேற் பழி என்பதைத் தீர்க்குமே அன்றி ஏன் துன்பம் என்பதைத் தீர்க்காது. இறைவனே சிலுவையில் துன்பம் ஏற்றனன் என்னும் தம் மூலக் கொள்கையினின்று இதற்கு விடை தேடுவார் பலர். அது கணிதத்தால் முடியும் விடையன்று. ஆயினும் வினா எழுந்த ஆழத்திற்கு இறங்கிய விடையாகும். நாட்கணக்கினைப் பற்றி நூறாண்டு வாதிட்டோர், இவ்வினாவிற்கு அத்துணைக் காலம் செலவிட்டிருப்பின் பயன் மிகுதியாய் இருந்திருக்கும்.

இவ்வரலாறு அயலார் செய்தியாய் ஒழியத்தக்கதன்று. நம்மிடையே இன்று ஒரு வழக்குப் பரவியுள்ளது. புராணங்கள் கூறும் கற்பம் ஒன்றுக்கு 432 கோடி ஆண்டு. பூமியின் அகவையென நூலார் கூறுவது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. ஆகவே நம் நூல்கள் இதனை முன்னரே உணர்ந்தன என எழுதுவாரும் பேசுவாரும் பலராயினர். கற்பம் என்பது பூமியின் அகவையன்று. அது பிரமனது ஒரு பகல். எண்கள் அணித்தாய் வந்தமை கொண்டு இரு வேறு பொருளை ஒன்றெனக் கூறுதல், 1951இல் பாப்பரசர்க்கு நேர்ந்த சறுக்கலினும் எளிய சறுக்கலாம். புராண எண் ஒன்று பொருந்தியவிடத்து விஞ்ஞானத்தைச் சான்றாக அழைப்பவன், பொருந்தாத எண் ஒன்று வருமிடத்து அச்சான்றினை விலக்கும் உரிமையை இழக்கின்றான். ஆதியாகமத்தின் நான்காம் நாள் ஞாயிற்றை நோக்கி நகுவானும் தன் கையிலுள்ள அளவுகோல் தன் நூலின்மேலும் வைக்கப்படும் என்பதை நினைதல் வேண்டும்.

ஆகலின் முடிபு இது. மெய்யறிவு தேடுவான் தன் கொள்கைக்குப் பகையாய் வரும் மெய்யை அஞ்சாமை ஒரு நோன்பு. தன் கொள்கைக்குத் துணையாய் வரும் அரைமெய்யை ஏலாமை அதனினும் கடிய நோன்பு. முன்னதனைச் செட்ஜ்விக்கும் பின்னதனை லெமேத்தரும் நோற்றனர்; இருவரும் வேற்றுச் சமயக் குருமாராயினும் நல்லார் செயல் எங்குளதாயினும் கொள்ளத்தக்கது. பௌதிக நூல் அளந்து கூறுவதனை அளவின்கண் ஒப்புக்கொண்டு, அளவிற்கு அப்பாற்பட்ட வினாவினை அதற்குரிய அளவையால் ஆராய்தலே அறிவுடையார் நெறி. அந்நெறியில் நிற்பார்க்கு ஒரு புதிய உண்மை வெளிப்படுதல் இழப்பன்று. தாம் கொண்ட பொருளைப் பின்னும் தெளிந்துகொள்ளக் கிடைத்த வாய்ப்பேயாம்.